கனிமத் தேடல் வேலைக்குப் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கிண்டி மாணவி:

அனைவருக்கும் வணக்கம். கிண்டியில் பயன்பாட்டுப் புவியியல் முதுநிலை இறுதியாண்டு படிக்கிறேன். வீடு குரோம்பேட்டையில். கனிம ஆய்வு செய்யும் தனியார் நிறுவனம் ஒன்று எங்கள் துறைக்கு வந்து நேர்காணல் நடத்தி, என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. முழுக்க முழுக்கக் கள வேலை. முதல் திட்டம் ஒடிசாவில். அடுத்தது எங்கே என்பது இப்போதைக்கு முடிவாகவில்லை. தங்குவதற்குக் கூடாரம், அல்லது பக்கத்து ஊரில் வாடகை வீடு. மென்பொருள் நிறுவனங்களுக்குப் போன என் பள்ளித் தோழிகள் முதல் மாதம் வாங்கிய சம்பளத்தைவிட இது குறைவு.

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வுக்கு வீட்டிலிருந்தே படி என்கிறார் அப்பா. காட்டில் கூடாரம் என்றாலே அம்மாவுக்குத் தூக்கம் போய்விடுகிறது. எனக்குக் களம் பிடிக்கும். சேலம், அரியலூர் களப் பயணங்களில் அது எனக்கே உறுதியாகத் தெரிந்தது. ஆனால் மாணவியாகப் போய் வருவதும் அதையே பிழைப்பாக எடுத்துக்கொள்வதும் ஒன்றாகிவிடாது. அங்கே ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்? தேடிப் போகும் கனிமம் உண்மையில் எத்தனை முறை கிடைக்கும்? தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

பாறைக்காரர்:

அம்மா, முதலில் வாழ்த்துகள். நான் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தருமபுரி, நாமக்கல், கடப்பைப் பக்கம் என்று முகாம்களிலேயே என் நடுவயது கழிந்தது.

தேடல் ஜி4 என்ற நிலையில் தொடங்கி ஜி1 வரை போகும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். தொடக்கத்தில் பெரிய பரப்பை 1:12,500 அளவில் வரைபடமாக்குவது, ஓடை மண்ணும் பாறைச் சில்லும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது, அகழி வெட்டிப் பார்ப்பது. போகப் போகப் பரப்பு சுருங்கும், துளைகள் நெருங்கும். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்களை உண்மையில் சோதிக்கப்போவது துளையிடும் இடம்தான். அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

துளைப்பொறி வைர முனையால் பாறையை உருளையாக அறுத்து மேலே கொண்டுவரும். அதுதான் கோர். என்.க்யூ. அளவு என்றால் விட்டம் 47.6 மில்லிமீட்டர், எச்.க்யூ. என்றால் 63.5. ஓர் ஓட்டம், அதாவது ஒருமுறை துளைத்து எடுக்கும் நீளம், முடிந்ததும் குழாயைத் தட்டிக் கோரைப் பெட்டியில் அடுக்கி, முடிவில் ஆழம் எழுதிய மரக்கட்டையை வைப்பார்கள். நீங்கள் அதைக் கழுவி, உடைந்த முனைகளை ஒன்றோடொன்று பொருத்தி, நாடா வைத்து அளக்க வேண்டும். 3 மீட்டர் துளைத்த இடத்தில் 2.4 மீட்டர் கோர்தான் இருக்கிறது என்றால் மீட்பு 80 விழுக்காடு. மீதி 60 சென்டிமீட்டர் எங்கே போனது? பெரும்பாலும் நொறுங்கிய மண்டலத்தில் பொடியாகித் தண்ணீரோடு போயிருக்கும். கனிமம் ஏறிய கரைசல்கள் வழி தேடி வந்து தங்குவதும் பல படிவுகளில் அப்படி நொறுங்கிய இடத்தில்தான். ஆகவே காணாமல் போன அந்த 60 சென்டிமீட்டரே அந்தத் துளையின் விடையாக இருக்கலாம்.

துளையிடும் ஒப்பந்தக்காரருக்கு மீட்டர் கணக்கில் பணம். அவருக்கு அவசரம் இருக்கும், அதில் தவறும் இல்லை. ‘ஓட்டத்தை ஒன்றரை மீட்டராகக் குறையுங்கள், நீரின் அழுத்தத்தைக் குறையுங்கள்’ என்று அவரிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள். அந்த இடத்தில் வயதில் இளையவரும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். இரவு இரண்டு மணிக்கும் பொறி ஓடும். இதைச் சொல்லும் துணிவு உங்களுக்கு இருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். கூடாரம், வெயில், சம்பளம் எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

பிறகு கோரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைப் பையிலிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மறுபாதி பெட்டியிலேயே இருக்கும். நீங்கள் எழுதி வைத்தது சரியா என்று பிற்காலத்தில் ஒருவர் திறந்து பார்க்கப்போவது அதைத்தான்.

கால்கூர்லிக்காரன்:

ஐயா சொன்ன அந்த மறுபாதியைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். நான் தாம்பரம் பக்கத்துப் பையன். இப்போது மேற்கு ஆஸ்திரேலியாவில் தங்கத் தேடலில் இருக்கிறேன்.

பிரி-எக்ஸ் கதையைப் படியுங்கள், சகோதரி. கனடா நிறுவனம் அது. இந்தோனேசியாவின் போர்னியோக் காட்டில், புசாங் என்ற இடத்தில், உலகின் மிகப் பெரிய தங்கப் படிவுகளில் ஒன்று இருப்பதாக அறிவித்தது. பங்கு விலை எங்கேயோ போனது. 1997 மார்ச்சில் அந்தத் திட்டத்தின் புவியியலாளர் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்தார். அதே சமயத்தில் இன்னொரு நிறுவனம் பழைய துளைகளின் அருகிலேயே புதிதாகத் துளைத்துப் பார்த்தது. தங்கம் இல்லை. நொறுக்கிய மாதிரிகளில் வெளியிலிருந்து கொண்டுவந்த தங்கத் துகளைக் கலந்திருந்தார்கள். ஒரு பாதியைப் பெட்டியில் விட்டுவைப்பது வழக்கம். அங்கே கோர் முழுவதையும் நொறுக்கி அனுப்பிவிட்டார்கள். சரிபார்க்க எதுவும் மிஞ்சவில்லை. ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு அழிந்தது.

இன்று ஆய்வகத்துக்குப் போகும் பைகளுக்கு நடுவே தங்கமே இல்லாத வெற்று மாதிரியையும், அளவு முன்பே தெரிந்த தர மாதிரியையும், ஒரே இடத்தில் எடுத்த இரட்டை மாதிரியையும் சேர்த்து அனுப்புகிறோம். எந்தப் பை எது என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. வெற்று மாதிரியில் தங்கம் இருப்பதாக முடிவு வந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் நிறுத்தி வைத்து விசாரிப்போம். நீங்கள் சேரப்போகும் நிறுவனத்திடம் இதை நேரடியாகக் கேளுங்கள்: ‘வெற்று மாதிரி எத்தனைக்கு ஒன்று வைக்கிறீர்கள்?’ உடனே பதில் வந்தால் நல்ல இடம். தடுமாறினால் யோசியுங்கள்.

எதிர்காலம் பற்றி: இங்கே கனிம இருப்பு அறிக்கையில் பொறுப்பேற்றுக் கையெழுத்திட, ஜோர்க் என்ற அறிக்கை விதித்தொகுப்பின்படி, அந்த வகைப் படிவில் குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமும் அங்கீகரிக்கப்பட்ட தொழில் அமைப்பின் உறுப்பினர் தகுதியும் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து படித்த ஆண்டு அந்தக் கணக்கில் வராது. அதே சமயம் ஒன்றை மறைக்கக் கூடாது. உலோக விலை விழுந்தால் நிறுவனங்கள் முதலில் வெட்டுவது தேடல் செலவைத்தான். 2012க்குப் பிறகு சில ஆண்டுகள் இங்கே நல்ல அனுபவசாலிகளே வேலை இல்லாமல் இருந்தார்கள். முதல் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்து வையுங்கள்.

கிண்டி மாணவி:

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. துளையிடும் இடத்தில் நடப்பதை எங்களுக்கு இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. எத்தனை முறை கிடைக்கும்?

பாறைக்காரர்:

பெரும்பாலும் கிடைக்காது. கிடைத்தாலும் சுரங்கமாகாது.

அரூர்–ஊத்தங்கரைப் பட்டையில் மாலிப்டினம் இருப்பது நம் துறைக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். எத்தனையோ துளைகள் போட்டாகிவிட்டது. நாமக்கல் சித்தம்பூண்டியில் பிளாட்டினக் குழுத் தனிமங்கள் உண்டு, தேடினோம். இரண்டும் இன்றுவரை சுரங்கமாகவில்லை. அதே சித்தம்பூண்டியின் அனார்த்தசைட் பாறையைப் பொடியாக்கித்தான் சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தைச் சோதிப்பதற்கான செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ தயாரித்தது. பிளாட்டினம் தேடியவர்கள் கால் நோக நடந்து வரைந்த வரைபடம் அந்தப் பாறையைப் பற்றியதுதானே? ஒரு தேடல் ‘இல்லை’ என்று முடிந்தாலும் அந்த நிலத்தைப் பற்றிய அறிவு நாட்டுக்குச் சேர்ந்துவிடுகிறது.

இன்னோர் எடுத்துக்காட்டு ரியாசி. 2023 பிப்ரவரியில் ஜம்மு–காஷ்மீரில் 59 லட்சம் டன் லித்தியம் என்று செய்தி வந்தபோது என் உறவினர்கள் எல்லோரும் தொலைபேசியில் அழைத்து, இந்தியா பணக்கார நாடாகிவிட்டதா என்று கேட்டார்கள். அது ஜி3 நிலை மதிப்பீடு. துளைகள் ஒன்றுக்கொன்று இன்னும் தள்ளித் தள்ளி இருக்கும் கட்டம். உலகம் இன்று லித்தியம் எடுப்பது பெரும்பாலும் உப்புநீர்ப் படுகைகளிலிருந்தும் பெக்மடைட் என்ற கடினப் பாறையிலிருந்தும்தான். ரியாசியில் இருப்பது பாக்சைட்டோடும் களிமண்ணோடும் சேர்ந்த படிவு. அதிலிருந்து லாபத்தோடு பிரித்தெடுப்பது வேறு வேலை. ஏலத்துக்கு விட்டபோது போதிய நிறுவனங்கள் முன்வராமல் 2024இல் ரத்தானது. ஆய்வு செய்தவர்கள் ஜி3 என்று சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். படித்தவர்கள் அந்த எழுத்தையும் எண்ணையும் விட்டுவிட்டு டன்னை மட்டும் படித்தார்கள்.

உங்கள் தோழிகள் ஒரு திட்டத்தை முடித்தால் அது ஓடும். நீங்கள் ஆறு மாதம் உழைத்து ‘இங்கே பொருளாதார மதிப்புள்ள கனிமம் இல்லை’ என்று ஒரு வரி எழுதுவீர்கள். அந்த வரியைத் தலை நிமிர்ந்து எழுத முடிகிறவர்தான் இந்த வேலையில் நிலைப்பார். மேலதிகாரி முகம் சுளிப்பார், பணம் போட்டவர் இன்னும் நான்கு துளை போடுங்கள் என்பார். பாறை சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதாதீர்கள்.

மேலூர்க்காரர்:

எல்லோரும் பாறையைப் பற்றியே பேசுகிறீர்கள். பாறைக்கு மேலே ஊர் இருக்கிறது.

நான் சென்னையில் வேலை பார்த்தாலும் சொந்த ஊர் மதுரை மாவட்டம். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏல முடிவு வந்தபோதுதான் எங்கள் பக்கத்தில் பலருக்குத் தங்கள் வயலும் கண்மாயும் ஏலப் பகுதிக்குள் இருப்பதே தெரிந்தது. 2,000 ஹெக்டேருக்கும் மேல். அதற்குள்ளே அரிட்டாபட்டி. 2022இல் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம். தமிழி கல்வெட்டும் சமணர் படுக்கையும் பாண்டியர் காலக் குடைவரைக் கோவிலும் உள்ள மலை. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பரில் சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

சுத்தியலோடு முதலில் ஊருக்குள் வருகிறவர் புவியியலாளர்தான். இந்த வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இதையும் யாராவது சொல்ல வேண்டும்.

பாறைக்காரர்:

நீங்கள் சொல்வது நியாயம். ஏலம் விடுவதும் எல்லை போடுவதும் ஆய்வாளர் கையில் இல்லை. ஆனால் ஊர்த் தலைவரைப் பார்த்து, நாங்கள் யார், எதற்கு வந்திருக்கிறோம், மண்ணும் கல்லும் எடுத்துப் போய் என்ன செய்வோம் என்று சொல்வது எங்கள் கையில் இருக்கிறது. முகாமில் இருந்த நாட்களில் அதைச் செய்துவிட்டுத்தான் நான் சுத்தியலை எடுப்பேன்.

மேலூர்க்காரர்:

ஊர்த் தலைவரிடம் சொன்னால் போதாது ஐயா. வரைபடத்தில் கோவிலும் கண்மாயும் படுக்கையும் குறிக்கப்பட வேண்டும். அறிக்கையில் டன் எண்ணுக்குப் பக்கத்திலேயே அவை எழுதப்பட வேண்டும். தில்லியில் எல்லை போடுகிறவர் பார்ப்பது அந்தத் தாளைத்தான். பாறை சொன்னதற்கு மேல் எழுதாதே என்றீர்கள். நிலத்தின் மேல் இருப்பதை எழுதாமல் விடுவதும் குறைவாகச் சொல்வதுதானே?

பாறைக்காரர்:

ஒப்புக்கொள்கிறேன். அம்மா, இவர் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் களக் குறிப்பேட்டில் இதற்கென்று தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

கருங்கல்:

நான் ராஜஸ்தானில் செம்புத் தேடல் திட்டம் ஒன்றில் புவியியலாளராக இருக்கிறேன். ஊர் பெரம்பூர். கேள்வி கேட்ட தங்கையின் அம்மாவுக்காக எழுதுகிறேன், அவரிடம் வாசித்துக் காட்டட்டும்.

அம்மா, உங்கள் கவலை வீண் கவலை இல்லை. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தில் பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்யத் தடை இருந்தது. 2019 ஜனவரியில்தான் தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகம் ஆகிய பணிகளுக்கு, பகல் நேரத்தில், எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு என்று நிபந்தனைகளுடன் வழி திறந்தார்கள். எனக்கு முன்னால் படித்த அக்காமார்கள் எத்தனையோ பேர் இந்தக் கதவு மூடியிருந்ததால் ஆசிரியப் பணிக்குப் போனார்கள். திறமை இல்லாமல் போகவில்லை.

தேடல் முகாம் சுரங்கத்தைவிட எளிது, ஆனால் கழிப்பறையை யாரும் தானாக நினைத்துப் பார்ப்பதில்லை. தங்கையே, கையெழுத்திடும் முன் நீ கேட்க வேண்டியவை: முகாமில் இன்னொரு பெண் இருக்கிறாரா? தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை உண்டா? களத்துக்குத் தனியாக அனுப்புவார்களா? வண்டி நாள் முழுவதும் உன்னோடு இருக்குமா, இறக்கிவிட்டுப் போய்விடுமா? பாம்புக்கடி மருந்து உள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம்? இவற்றைக் கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படாதே. நான் கேட்டேன். அடுத்த முகாமில் ஆண்களுக்கும் அதே வசதி வந்தது.

ஊர்ப் பெண்களோடு பழகு. எந்த ஓடையில் கருமணல் ஒதுங்குகிறது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் கசக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்தத் தகவல் செயற்கைக்கோள் படத்தில் இருக்காது.

ஊற்றுநீர்:

நான் மாற்றுக் கருத்துச் சொல்லப்போகிறேன். சென்னையில் நிலத்தடி நீர் ஆய்வு செய்கிறேன். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு மக்கள் லாரிக்குக் காத்து நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். இந்த ஊருக்குப் புவியியலாளர்கள் தேவை. எல்லோரும் ஒடிசாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டால் பள்ளிக்கரணைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று யார் பார்ப்பது?

அப்பா சொல்லும் தேர்வையும் தள்ளிவிடாதீர்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் புவியியல் ஆய்வு மையத்துக்கும் அதே தேர்வில்தான் ஆள் எடுக்கிறார்கள். முதல்நிலைக்கு 400, முதன்மைக்கு 600, நேர்காணலுக்கு 200 மதிப்பெண். தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். வயது வரம்பு 32 வரை இருக்கிறது. ஒரே மூச்சாக ஓராண்டு படித்து முடித்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் விலைச் சரிவு பற்றிய பயம் இல்லை.

கால்கூர்லிக்காரன்:

அண்ணா, வயது வரம்பு 32 என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியென்றால் இரண்டு ஆண்டு களம் பார்த்துவிட்டு எழுத இடம் இருக்கிறதே? நேர்காணலில் 200 மதிப்பெண்ணுக்கு உட்காரும்போது, கோர் பெட்டியைத் தொட்டவர் பேசுவதும் படத்தில் பார்த்தவர் பேசுவதும் எதிரே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஊற்றுநீர்:

முகாமில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு இரவில் படிப்பது பேச்சுக்கு எளிது, தம்பி. முயன்று பார்த்துக் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். என் கருத்தில் மாற்றம் இல்லை. தேர்வு முதலில்.

தங்கவயல் பேரன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். வட ஆர்க்காட்டிலிருந்து போன குடும்பம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். அடியில் தங்கம் இருந்தது. எடுக்கும் செலவுக்குக் கட்டவில்லை. மூடியபின் பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்ப ஆரம்பித்தார்கள். ஒரு படிவின் தரம் எவ்வளவு, எத்தனை ஆண்டு தாங்கும் என்று நேர்மையாகக் கணக்கிட்டுச் சொல்லும் ஆள் ஊருக்கு எவ்வளவு முக்கியம் என்பது எங்களுக்குத் தெரியும். சகோதரி, நீங்கள் போக வேண்டும் என்பது என் ஆசை.

பாறைக்காரர்:

கேள்வி கேட்ட அம்மா, உங்களுக்கு நடைமுறை விஷயம் ஒன்று. நிறுவனம் மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்த தனியார் ஆய்வு முகமைகளின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 2015 கனிமச் சட்டத் திருத்தத்தில் தேசியக் கனிம ஆய்வு அறக்கட்டளையாக உருவாகி, 2025 திருத்தத்தில் தேசியக் கனிம ஆய்வு மற்றும் மேம்பாட்டு அறக்கட்டளை என்று பெயர் மாறிய அமைப்பின் பணத்தில் அப்படிப்பட்ட முகமைகளுக்குத் திட்டம் கிடைக்கிறது. 2023 திருத்தத்துக்குப் பிறகு முக்கியக் கனிமங்கள் பக்கம் வேலை கூடியிருக்கிறது. பட்டியலில் இருந்தால் சம்பளம் நிற்காமல் வரும் வாய்ப்பு அதிகம், அறிக்கையையும் மேலே ஒருவர் சரிபார்ப்பார்.

கிளம்பும்வரை சும்மா இருக்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான் பல்லாவரம். பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் சார்னோக்கைட் பாறையைத் தாமஸ் ஹாலண்ட் 1893இல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் அதே பாறைதான். விமானம் ஏறப் போகிறவர்கள் தினமும் கடந்து போகும் குன்று அது. பத்து மடங்கு லென்ஸோடு போய், குவார்ட்ஸின் நீலம் பாய்ந்த எண்ணெய்ப் பளபளப்பையும் ஹைப்பர்ஸ்தீன் கனிமத்தையும் பிரித்துப் பார்த்து, ஒரு மீட்டர் கோர் என்று நினைத்து விவரணை எழுதுங்கள். இங்கே பதிவிட்டால் நான் திருத்தித் தருகிறேன். புக்கோஷ் தளத்தில் புவியியல் ஆய்வு மையத்தின் வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கும். ஒடிசாவில் உங்கள் திட்டப் பகுதியை இப்போதே இறக்கிப் படித்துவிடுங்கள்.

கிண்டி மாணவி:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கருங்கல் அக்காவின் பதிவை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். கழிப்பறைக் கேள்வியை நானே நிறுவனத்துக்கு எழுதுகிறேன் என்கிறார்.

நிறுவனத்திடம் கேட்டேன். அமைச்சகப் பட்டியலில் இருக்கிறார்கள். வெற்று மாதிரி இருபதுக்கு ஒன்று என்று உடனே பதில் வந்தது. முகாமில் இன்னொரு பெண் இருக்கிறார், வேதியியல் படித்தவர். பாம்புக்கடி பற்றி மட்டும் விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். அந்தப் பதில் வந்தபிறகுதான் கையெழுத்து. அப்பாவிடம், இரண்டாவது ஆண்டு தேர்வு எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஊற்றுநீர் அண்ணா, இரவில் படிக்க முடியுமா என்பதை அங்கே போய்ப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்கிறேன்.

மேலூர்க்காரர் அண்ணாவிடம் ஒரு கேள்வி. கண்மாய், கோவில் போன்றவற்றைக் குறிக்கும்போது ஊரார் சொல்லும் பெயரையும் நில அளவைத் தாளில் உள்ள பெயரையும் இரண்டையும் எழுதலாமா?

மேலூர்க்காரர்:

இரண்டையும் எழுதுங்கள் அம்மா. பெயர் சொன்னவர் யார், எந்தத் தெரு என்பதையும் குறித்து வையுங்கள். பிறகு எல்லைத் தகராறு வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருப்பார். ஒடியாவில் எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். உச்சரிப்பை நம்பி நீங்களாக எழுதினால் பெயர் மாறிப்போகும்.